யார் பாட்டில் யார் வலை

முதல் தொகுப்பை யாரும் போட்டுவிடலாம். இருபது இருபத்தைந்து வருஷம் மனசில் சேர்ந்து கிடந்ததையெல்லாம் அதில் கொட்டிவிட முடியும். கொட்டியதில் பாதி தானாகவே நன்றாக அமைந்துவிடும். இரண்டாவது தொகுப்புதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. கையிருப்பு தீர்ந்த பிறகு அவன் எங்கே போகிறான், யாரிடம் கை நீட்டுகிறான், வாங்கியதை என்ன செய்கிறான் என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். தமிழில் ஒரே ஒரு கவிதைத் தொகுப்போடு நின்றுபோனவர்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இசைக்கும் இதே கணக்குதான்.

'கலா' எம்.ஐ.ஏ.வின் இரண்டாவது ஆல்பம். 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. எம்.ஐ.ஏ. என்பது மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இடையில் கொஞ்ச காலம் சென்னையில் இருந்து, போருக்குத் தப்பி, தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் எண்பதுகளின் நடுவில் அகதியாக மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தவர். அங்கே செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். முதல் ஆல்பத்துக்கு (2005) தகப்பனின் இயக்கப் பெயரை வைத்தார்: 'அருளர்'. ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர் அவர். வீட்டில் இருந்ததைவிட இயக்கத்தில் இருந்ததுதான் அதிகம். இரண்டாவதற்குத் தாயின் பெயர். லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் கலா.

பெயர்களில் இருக்கும் இந்த வித்தியாசம் ஆல்பங்களுக்குள்ளும் இருக்கிறது. 'அருளர்' பெரும்பாலும் ஒரு அறைக்குள், ரோலண்ட் 505 என்ற தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு உருவானது. அதில் கோஷம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, வயதுக்கேற்ற மிடுக்கு இருக்கிறது. தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனைக் கற்பனை செய்துகொள்கிற குரல் அது. 'கலா' தையல்காரியின் ஆல்பம். பல ஊர்த் துண்டுகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, தையல் வெளியே தெரியும்படியாகவே விட்டுவிட்ட துணி. 2006-இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதால் அங்கே உட்கார்ந்து செய்வதாக இருந்த வேலை நடக்காமல் போயிற்று. அதனால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்து பதிவு செய்தார்கள். ஒரு வல்லரசு கதவைச் சாத்தியதால்தான் இந்த ஆல்பத்துக்கு இந்த உருவம் கிடைத்தது. உருவமும் உள்ளடக்கமும் வேறுவேறா என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இந்த ஆல்பத்தைப் பற்றி இங்கே இரண்டு விதமான பேச்சுதான் கேட்டிருக்கிறேன். ஒன்று, 'நம்ம பொண்ணு' என்கிற பெருமிதம். மற்றது, 'இளையராஜாவிடமிருந்து எடுத்தது, தெலுங்குக்காரரிடமிருந்து எடுத்தது, சொந்தமாக என்ன இருக்கிறது' என்கிற ஏளனம். இரண்டுமே விமர்சனம் ஆகாது. முன்னது ஜாதகம் பார்ப்பது. பின்னது பஞ்சநாமா எழுதுவது. எடுத்திருக்கிறார் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' (1991) படத்தின் காட்டுக்குயிலு பாட்டிலிருந்து ஒரு துணுக்கு வருகிறது. கூடவே அமெரிக்காவின் மாடர்ன் லவர்ஸ் குழுவின் பழைய ராக் பாட்டு ஒன்றின் வரிகளும் வருகின்றன. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' (2003) படத்தின் திருவிழாப் பாட்டு. 'ஜிம்மி' என்பது 'டிஸ்கோ டான்ஸர்' (1982) படத்துக்காக பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபாடல். 'பேப்பர் பிளேன்ஸ்' கிளாஷ் குழு 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லின் மேல் கட்டப்பட்டது. எடுத்தது எங்கிருந்து என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. எடுப்பதற்கு என்ன முறை, எடுத்த இடத்துக்கு அதில் என்ன பங்கு என்பதுதான் என்னுடைய கேள்வி.

இதைக் கேட்பதற்கு எனக்கு ஒரு சொல் கிடைத்தது பழவேற்காட்டில். நான் வங்கி குமாஸ்தா. இங்குள்ள கிளைக்கு மாற்றலாகி வந்த பிறகு, கடன் விண்ணப்பத்தில் வருமானத்துக்கு என்ன வழி என்று கேட்டால் ஏரி மீனவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பாடு இருக்கு சார்." பாடு என்பது தண்ணீரில் ஒருவனுக்கு உள்ள முறை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடுகிற நீரில், சுத்துவலை கட்டுவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. அதனால் இன்ன நாள், இன்ன இடம், இன்ன கூட்டம் என்று சீட்டுக் குலுக்கியும் முறை மாற்றியும் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், நடூர் மாதாகுப்பம் என்று மூன்று ஊர்களுக்கு இதில் உரிமை. ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவனுக்குத்தான் பங்கு. இன்றைக்கு நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளைக்கு அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்தவன் பாட்டில் வலை போட்டால் பஞ்சாயத்து கூடும்.

தமிழில் பாடு என்றால் வாய் திறந்து பாடு என்கிற ஏவல். பாடு என்றால் படுகிற கஷ்டம். இந்த ஏரியில் பாடு என்றால் முறை, பங்கு. மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிற மொழிக்கு, 'கலா'வை விசாரிக்க மேல்நாட்டுச் சித்தாந்தம் எதையும் இரவல் வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஆனாலும் ஒரு மேல்நாட்டானைத் தொட்டுவிட்டுப் போகிறேன், பி.ஏ. ஆங்கிலம் படித்த தோஷம். எலியட் 1920-இல் மாஸிஞ்சர் என்ற நாடகாசிரியரைப் பற்றி எழுதியபோது, கவிஞர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எடுத்தது புதிய இடத்தில் ஒன்றிப்போய் வேறொன்றாக ஆகிறதா என்பதையே சோதனையாக வைத்தார். இரண்டு வருஷம் கழித்து வந்த 'பாழ்நில'த்தில் அவரே அப்படித்தான் எடுத்தார். பின்னால் குறிப்புகளும் போட்டார். நம்மில் பாதிப்பேர் அந்தக் கவிதையைப் பார்த்துத்தான் துண்டு துண்டாக எழுதக் கற்றுக்கொண்டோம். ஆனால் எலியட்டின் சோதனை எடுத்தவனின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது. தாந்தேயிடமிருந்தும் ஷேக்ஸ்பியரிடமிருந்தும் எடுக்கிறவனுக்கு அது போதும். செத்தவர்கள், பெயர் பெற்றவர்கள், பங்கு கேட்டு வரமாட்டார்கள். உயிரோடு இருக்கிற, பெயர் தெரியாத ஒருவனிடமிருந்து எடுக்கும்போது அந்தச் சோதனை போதாது. அங்கே பாட்டு முறை வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் உருமியைப் பற்றிப் பேச வேண்டும். உருமி இருமுக மேளம். ஒரு பக்கத்தை அடிப்பார்கள். மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது வருகிற சத்தம் அடியும் இல்லை, சுரமும் இல்லை, உறுமல். சாமி வரவழைக்கிற சத்தம். நம் சினிமாவில் உருமி பெரும்பாலும் ஜாடை காட்டுகிற சத்தமாகத்தான் வரும்: இது கிராமம், இது திருவிழா, இவன் முரடன் என்று சொல்லிவிட்டு வயலினுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'கலா'வுக்காகச் சென்னையில் மேளக்காரர்களை ஒரு கூட்டமாக வைத்துப் பதிவு செய்தார்கள். 'பேர்ட் ஃப்ளூ'விலும் 'பாய்ஸி'லும் அந்தக் கூட்டம் ஒதுங்குவதில்லை. மெட்டு என்று சொல்லத்தக்கது அங்கே அநேகமாகக் கிடையாது. மேளம், அதன் மேல் மேளம், குழந்தைகளின் கூச்சல், கோழிகளின் கொக்கரிப்பு. பாடுகிறவரின் குரல் இவற்றின் நடுவே இடம் பிடிக்க நெட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது. நம் பாட்டுகளில் குரல் எஜமான், தாளம் வேலைக்காரன். இங்கே குரல்தான் முறைக்குக் காத்திருக்கிறது. இதை நான் உருவரீதியான சாதனை என்று நினைக்கிறேன். உருமியைத் தொட்டுக்கொள்ளாமல் உருமிக்குள் போய்ப் பாடிய பாட்டு.

'ஜெயம்' பாட்டிலிருந்து எடுத்தது திருட்டு என்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தப் படமே தெலுங்குப் படம் ஒன்றின் மறுபதிப்பு, இசை ஆர்.பி. பட்நாயக். திருவிழா மேளம் அவருக்கு எங்கிருந்து வந்தது? திருவிழாவிலிருந்துதான். அந்த மேளத்தை முதலில் அடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் மெனக்கெட்டதும் இல்லை. லண்டன்காரி எடுத்தபோதுதான் நமக்கு உடைமை உணர்ச்சி வருகிறது. ஏரியில் இதைப் பார்த்திருக்கிறேன். வெளியூர் வலை வந்தால் எல்லோரும் கூடி நிற்பார்கள். உள்ளூரில் பாடே இல்லாதவனைப் பற்றிப் பேச்சு எழாது.

ஆல்பத்தில் முறை மிகச் சுத்தமாக அமைந்திருப்பது 'மேங்கோ பிக்கிள் டௌன் ரிவர்'. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், டார்லிங் நதிக்கரையில் வில்கானியா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பழங்குடிச் சிறுவர்கள் சிலர் 2002-இல் ஒரு பாட்டுக் கட்டினார்கள். விஷயம், ஆற்றில் நீந்துவதும் மீன் பிடிப்பதும். ஊதுவது டிஜரிடூ என்கிற மரக்குழல். எம்.ஐ.ஏ. அந்தப் பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பையன்கள் பாடி முடிக்கிறவரை பொறுத்து, தன் பங்குக்கு ஒரு சரணம் சேர்க்கிறார். மீனைப் பற்றிப் பேசுகிற பையன்களுக்கு அவர் கொண்டுவந்து கொடுப்பது மாங்காய் ஊறுகாய். விருந்துக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிற மாதிரி. ஆல்பத்திலேயே எளிமையான பாட்டு இது. கேட்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் ஆல்பத்தின் மனசாட்சி. மற்றவன் பாட்டில் வலை போடாமல் அவன் வலைக்குப் பக்கத்தில் போய் உட்காருவது எப்படி என்று இது காட்டுகிறது. அதே நதியில், வில்கானியாவுக்குக் கீழே மெனிண்டி என்ற இடத்தில், 2018-19 கோடையில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன, 2023-இல் மறுபடியும். இன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்கும்போது சிறுவர்களின் சந்தோஷத்துக்கு அடியில் இது கிடக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு ஏரிக்குள் இறால் வராத மாதங்களில், தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் எங்கள் கவுண்டரில் நகைக்கடனுக்கு எடுத்து வைக்கிற பெண்களைப் பார்க்கிறவனுக்கு, அந்தப் பாட்டு வெகு தூரத்திலிருந்து வருவதாகத் தோன்றுவதில்லை.

சறுக்கல்களும் இருக்கின்றன. 'ஜிம்மி' எனக்குக் கவர்ச்சியான தோல்வி. அங்கே எடுத்தது எடுத்தபடியே இருக்கிறது. வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிற மாதிரி. கடைசிப் பாட்டான 'கம் அரவுண்ட்' அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு சேர்ந்து செய்தது. விசா கிடைத்திருந்தால் மொத்த ஆல்பமும் எப்படி ஆகியிருக்கும் என்பதற்கு அது ஒரு மாதிரி. எல்லாம் வழவழவென்று இருக்கிறது; ஒரு ஊரின் மண்ணும் ஒட்டவில்லை.

'பேப்பர் பிளேன்ஸை' இங்கே எல்லோருக்கும் தெரியும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008) படத்தில் வந்ததால் தெரியும். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். விடுதி முழுக்க அந்தத் துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டி மணியையும் வாயால் போட்டுக் காட்டுவார்கள். கிளாஷின் மூலப்பாட்டு, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன குழந்தைகளையும் இங்கிலாந்தில் வேண்டாதவர்களாகிப் போன குடியேறிகளையும் பற்றியது. வெள்ளைக்காரன் இரக்கத்தோடு பாடியது. அந்தத் தாளத்தின் மேல் ஏறிநின்று அகதிப் பெண் பேசுகிறாள். இரக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதையே பாடிக் காட்டுகிறேன் என்று கேலி செய்கிறாள். பல்லவியைச் சிறுபிள்ளைகள் பாடுகிறார்கள். வார்த்தைகளின் இடத்தில் சுடுகிற சத்தம். எம்.டி.வி. அந்தச் சத்தத்தை மட்டும் மழுப்பி ஒளிபரப்பியது. தணிக்கைக்காரன் சில சமயம் விமர்சகனைவிடச் சரியாக உயிர்நிலையைக் கண்டுபிடித்துவிடுகிறான்.

பாடு அதோடு நிற்கவில்லை. 2008-இல் ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்ற நான்கு அமெரிக்கப் பெரும்புள்ளிகள் 'பேப்பர் பிளேன்ஸி'லிருந்து அவர் குரலின் ஒரு துணுக்கை வெட்டி எடுத்து 'ஸ்வாகா லைக் அஸ்' என்று பாட்டுப் போட்டார்கள். எடுத்தவரிடமிருந்தே எடுத்தாயிற்று. 2009 பிப்ரவரி 8-ஆம் தேதி கிராமி விழா மேடையில் அந்த நால்வரோடு, நிறைமாதக் கர்ப்பிணியாக, எம்.ஐ.ஏ. நின்று பாடினார். அதே வாரங்களில் வன்னியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் செல் விழுந்துகொண்டிருந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. உலகம் அவருடைய ஓசையில் பங்கு எடுத்துக்கொண்டது, அவர் சொன்ன செய்தியில் எடுத்துக்கொள்ளவில்லை. இதற்காக ஆல்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆல்பம் போரை நிறுத்தாது. ஆனால் ஓசையைச் செய்தியிலிருந்து இவ்வளவு சுலபமாகக் கழற்றி எடுக்க முடிகிறது என்பதை 'கலா' தன்னை அறியாமல் நிரூபித்துவிட்டது. வெட்டி ஒட்டும் கலையின் பலமும் ஆபத்தும் ஒன்றேதான். நீ கழற்றியது போலவே உன்னையும் கழற்றுவார்கள்.

பழவேற்காட்டுக்கு இது பழைய கதை. 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் நிழலில் இங்கிருந்து கட்டம் போட்ட துணி கப்பலேறியது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட லுங்கியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். அது இந்த ஊரின் பெயர்தான். துணிக்கு ஊர்ப்பெயர் நிலைத்தது, நெய்தவன் பெயர் போயிற்று. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள்; அவர்களுக்கு ஊர்ப்பெயர்கூட மிஞ்சவில்லை. சரக்கு போவதும் ஆள் போவதும் ஒரே கப்பலில்தான் என்று தெரிந்த கடற்கரை இது. 'கலா'வில் நான் கேட்பது அந்தக் கப்பலில் ஏறிப்போன ஒருத்தி பாதிவழியில் மேல்தளத்துக்கு வந்து போடுகிற சத்தம்.

பாட்டு முறையை லட்சியமாக்கி முடித்துவிடுவது சுலபம். அது முடியாது. பாடு நியாயமான முறைதான், தலைக்கட்டு உள்ளவனுக்கு. சீட்டில் பெயர் இல்லாதவர்கள் இதே ஏரியில் இருக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பாடு கிடையாது, வலையும் கிடையாது. கரையில் மீன் பிரிக்கிற பெண்களுக்கும் குலுக்கலில் சீட்டு இல்லை. பங்கு பிரிக்கிற எந்த முறையும் முதலில் யாரை எண்ணுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது.

நம் சிறுபத்திரிகைகளின் பாட்டு முறையும் அப்படித்தான். காஃப்காவுக்கு முறை வந்தது, காம்யுவுக்கு வந்தது, எலியட்டுக்கு இன்னும் முடியவில்லை. ஓவியத்துக்கும் நல்ல சினிமாவுக்கும் நாள் ஒதுக்கினோம். சங்கீதம் என்றால் சபா சங்கீதம். கானாவுக்கும், சாவு மேளத்துக்கும், உருமிக்கும் எத்தனை இதழ்களில் சீட்டு எழுதினோம்? ஒரு அகதியின் மகள் லண்டனிலிருந்து வந்து, கூலி பேசி, ஒலிவாங்கி வைத்து அந்த மேளத்தைக் கேட்டாள். ஒலிபெருக்கி கட்டிய ஒவ்வொரு திருவிழாவிலும் நம் காதருகே அடித்துக்கொண்டிருந்ததை நாம் கேட்கவில்லை. அவள் எடுத்ததில் முறை தவறிய இடங்கள் உண்டு, மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் எடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்கிறாள். அந்தத் தகுதி இல்லாதவர்கள் பஞ்சாயத்து கூட்டுவதற்கு முன்னால் உருமி அடிக்கிறவர் ஒருவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.